கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதில் புரோபயாடிக் எடுக்கலாமா?

வந்த கேள்வி இதுதான். வயது 46, உடல் எடை அதிகம், சில வருடங்களாக டைப் 2 சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுத்து வருகிறார். கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 138, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள கொழுப்பு) 230, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி 4.2. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் கொலஸ்ட்ராலும் உடலில் உள்ள அழற்சியும் குறையும் என்று படித்தேன். ஸ்டாட்டினுக்குப் பதிலாகப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரை எடுக்கலாமா?"

பதிலாக எடுக்க வேண்டாம். கூடவே எடுக்க ஆசை இருந்தால் எடுக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் படித்தது முழுக்கப் பொய்யும் இல்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கொலஸ்ட்ரால் பக்கம். இங்கே விஷயம் உண்மையிலேயே உறுதியானது. கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றுகிறது, அது பித்தநீரோடு குடலுக்கு வந்து கொழுப்பைக் கரைக்க உதவுகிறது, வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போய்விடுகிறது. மிச்சம் 5 சதவீதம் மட்டும் மலத்தில் வெளியேறும். அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகக் கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் பித்த அமிலம் செய்ய வேண்டும். இப்போது சில லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரிய வகைகளிடம் ஒரு நொதி இருக்கிறது. கல்லீரல் பித்த அமிலத்தோடு கிளைசின் அல்லது டாரின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டித்தான் குடலுக்கு அனுப்பும். அந்த இணைப்பை இந்த நொதி பிரித்துவிடும். பிரிந்த பித்த அமிலம் முன்போல எளிதாக உறிஞ்சப்படாது, கொஞ்சம் கூடுதலாக வெளியேறும். கல்லீரலுக்குத் தட்டுப்பாடு வரும், அது ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அளவு குறையும்.

இந்தப் பாதை வேலை செய்யும் என்பதற்குப் பாக்டீரியாவே தேவையில்லை, மருந்து உலகத்திலேயே சாட்சி இருக்கிறது. கொலஸ்டிரமின், கொலிசெவெலம் போன்ற மருந்துகள் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே கொண்டுபோவதைத்தான் செய்கின்றன. ஸ்டாட்டின் வருவதற்கு முன்பு கொலஸ்ட்ராலுக்கு இருந்த முக்கிய மருந்துகளில் கொலஸ்டிரமின் ஒன்று. கொலிசெவெலம் சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கிறது என்பதால் 2008-இல் அமெரிக்காவில் டைப் 2 சர்க்கரை நோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஒரு தொல்லை என்னவென்றால், இந்த வகை மருந்துகள் டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ரிப்போர்ட்டுக்கு இது ரொம்பத் தேவைப்படும்.

சரி, மனிதர்களில் என்ன கிடைத்தது? சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஈரானில் நடந்து 2011-இல் வெளியானது. டைப் 2 சர்க்கரை உள்ள 60 பேர், ஆறு வாரம், தினமும் 300 கிராம் தயிர். ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணத் தயிர், மறுபாதிக்கு லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் இரண்டும் சேர்த்த தயிர். சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, சாதாரணத் தயிர்க்காரர்களோடு ஒப்பிட்டால், மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 4.5 சதவீதமும் எல்டிஎல் சுமார் 7.5 சதவீதமும் குறைந்தது. எச்டிஎல், டிரைகிளிசரைடு இரண்டும் அசையவில்லை. இதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால், லாக்டோபேசில்லஸ் ரியூட்டரியின் ஒரு குறிப்பிட்ட ரகம் (என்சிஐஎம்பி 30242 என்பது அதன் அடையாள எண்) கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 127 பேரிடம் ஒன்பது வாரம் சோதிக்கப்பட்டு 2012-இல் முடிவு வந்தது. எல்டிஎல் 11-12 சதவீதம் குறைந்தது. அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்ததே நான் மேலே சொன்ன நொதி அதனிடம் தாராளமாக இருக்கிறது என்பதற்காகத்தான். பெரும்பாலான மற்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் இதைவிடக் குறைவு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

இப்போது உங்கள் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம். 138-இல் 5 சதவீதம் என்றால் 7. அதாவது 131 ஆகும். எல்டிஎல் அளவே ஒரே ஆளுக்கு ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் அதைவிட அதிகமாக ஏறி இறங்கக்கூடியது, ஆகவே அது மாத்திரையால் குறைந்ததா சும்மா குறைந்ததா என்று உங்கள் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நடுத்தர அளவு ஸ்டாட்டின் 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும், 138 என்பது 70-க்கும் 97-க்கும் இடையில் எங்கேயோ வந்து நிற்கும். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் குறைந்தது நடுத்தர அளவு ஸ்டாட்டின் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது எண்ணை அழகாக்க இல்லை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய சோதனை ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டாட்டினுக்கு லட்சக்கணக்கானவர்களின் தரவு இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, சதவீதம்கூட இரண்டாம்பட்சம்.

இதைவிட ஒரு நுணுக்கமான சிக்கல் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. உடல் பருமனோடு வரும் சர்க்கரை நோயில் கொழுப்புக் கோளாறின் முகமே வேறு. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசு கட்டுப்பாடில்லாமல் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடுகிறது, கல்லீரல் அதை வாங்கி டிரைகிளிசரைடு நிரம்பிய துகள்களாகக் கட்டி வெளியே அனுப்புகிறது. அதன் தொடர்ச்சியாக எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்கள் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமப்பவை) சிறுத்து, எண்ணிக்கையில் பெருகும். சிறிய துகளில் கொலஸ்ட்ரால் குறைவாகத்தானே இருக்கும், அதனால் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 'பரவாயில்லை' என்று தெரியும், துகள்களின் எண்ணிக்கையோ அதிகமாக இருக்கும். உங்கள் 230-ம் 36-ம் இந்தப் படத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. புரோபயாடிக் தொடுவது எல்டிஎல்லை, அதுவும் லேசாக. உங்கள் உடலின் முதன்மைக் கோளாறான டிரைகிளிசரைடு-எச்டிஎல் ஜோடியை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை, ஈரானிய சோதனையில் பார்த்தோமே. பித்த அமிலப் பாதையை ரொம்ப அழுத்தினால் டிரைகிளிசரைடு ஏறும் என்பதும் மருந்துகளிலிருந்து தெரிந்ததுதான் (பாக்டீரியா அந்த அளவுக்கு அழுத்துவதில்லை, பயப்பட வேண்டாம்). அந்த ஜோடி நகர வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், மது இருந்தால் அது போக வேண்டும். டாக்டரிடம் அடுத்த முறை 'எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால்' எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவதுதான், தனிப் பரிசோதனை தேவையில்லை, உங்களைப் போன்றவர்களுக்கு அது எல்டிஎல்லைவிட நேர்மையான எண்.

அப்புறம் அழற்சி. இதைச் சொல்லும்போது கதை ரொம்ப அழகாக இருக்கும், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

1993-இல் ஹோட்டமிஸ்லிகில் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்றும் அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்றும் காட்டினார்கள். கொழுப்பு என்பது சும்மா சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் அதோடு போயிற்று. ஊதிப்போன கொழுப்பு செல்களுக்கு நடுவே நோயெதிர்ப்பு செல்கள் குடியேறுகின்றன, அவை விடும் பொருள்கள் இன்சுலின் சமிக்ஞையைக் குழப்புகின்றன, அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய் சிஆர்பியைச் செய்ய வைக்கிறது. உங்கள் 4.2 அங்கிருந்து வந்திருக்கலாம்.

குடல் இதில் நுழைந்தது 2007-இல். பெல்ஜியத்தைச் சேர்ந்த பட்ரீஸ் கானியும் கூட்டாளிகளும் எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு அதிகமான உணவு கொடுத்தார்கள். சில வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ் என்ற நச்சுப் பொருள் ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறியது. ரத்தத்தில் அதே அளவு வரும்படி எல்பிஎஸ்ஸை நேரடியாகத் தோலுக்கடியில் செலுத்தியபோது, உணவை மாற்றாமலேயே, எலிகள் எடை ஏறி இன்சுலின் எதிர்ப்பு நிலைக்குப் போயின. ஆக, குடல் சுவர் கசிகிறது, பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்துக்குள் வருகின்றன, உடல் முழுக்க மெல்லிய தீ எரிகிறது, நல்ல பாக்டீரியா சுவரை அடைத்தால் தீ அணையும். இதுதான் நீங்கள் படித்த கட்டுரையின் வேர் என்று நினைக்கிறேன்.

எலியில் சுத்தமான முடிவு. மனிதனுக்கு வரும்போது பல இடங்களில் இழுக்கிறது. ரத்தத்தில் எல்பிஎஸ்ஸை அளப்பதே நம்பகமான வேலை இல்லை, ரத்தத்தில் உள்ள மற்றப் பொருள்கள் அந்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். புரோபயாடிக் கொடுத்து சிஆர்பி, டிஎன்எஃப் போன்றவற்றைப் பார்த்த சோதனைகள் சிறியவை, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா. சேர்த்துப் பார்த்தால் சிஆர்பி கொஞ்சம் குறைவதுபோல் தெரிகிறது, ஆனால் ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போவதில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு: அழற்சியைக் குறைத்தாலே சர்க்கரை குறைந்துவிடுமா? 2017-இல் வெளியான கான்டோஸ் சோதனையில் மாரடைப்பு வந்துபோன பத்தாயிரம் பேரிடம் கானகினுமாப் என்ற நேரடி அழற்சி எதிர்ப்பு மருந்து சோதிக்கப்பட்டது. சிஆர்பி நன்றாக இறங்கியது. நடுத்தர டோஸில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் குறையவில்லை. இவ்வளவு கூர்மையான ஆயுதமே சர்க்கரையில் நிலையான அசைவு காட்டாதபோது, லேசாக சிஆர்பியைத் தொடும் மாத்திரையிடம் நிறைய எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் விட்டுவிட நினைக்கும் ஸ்டாட்டினே அழற்சியையும் குறைக்கிறது. 2008-இல் வந்த ஜூபிடர் சோதனையில் எல்டிஎல் சாதாரணமாகவும் சிஆர்பி 2-க்கு மேலும் இருந்த பதினேழாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் (சர்க்கரை நோய் இல்லாதவர்கள்) ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்டிஎல் பாதியானது, சிஆர்பி 37 சதவீதம் குறைந்தது, இதய நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. ஸ்டாட்டின் சர்க்கரையைச் சற்று ஏற்றும் என்பதும் அங்கேயே தெரிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தச் சிறு ஏற்றத்தைவிட இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது.

உங்கள் 4.2 பற்றி ஒரு வார்த்தை. சிஆர்பி ஒரு சளி பிடித்தால்கூட ஏறும். ஈறு வீங்கி ரத்தம் வந்தால் ஏறும். சும்மா இருக்கும் ஒரு நாளில், இரண்டு வாரம் கழித்து, இன்னொரு முறை பாருங்கள். ஈறு என்று சொன்னது பேச்சுவாக்கில் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோயை முறையாகச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 0.3 முதல் 0.4 புள்ளி வரை குறைகிறது என்று பல சோதனைகளின் தொகுப்பு சொல்கிறது. நன்றாக வேலை செய்த புரோபயாடிக் சோதனைகளில் கிடைக்கும் சர்க்கரைக் குறைவும் ஏறக்குறைய அவ்வளவுதான் அல்லது அதைவிடக் கீழே. பல் டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?

எனக்கு உண்மையில் ஆர்வம் தருவது அக்கர்மான்சியா மியூசினிஃபிலா. குடல் சுவரின் சளிப் படலத்தில் வாழ்ந்து அதையே தின்னும் பாக்டீரியா, 2004-இல் நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இது குறைவாக இருக்கிறது. மெட்ஃபார்மின் எடுத்தால் கூடுகிறது, ஆக நீங்கள் ஏற்கெனவே ஒரு வகையில் இதை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2019-இல் கானி குழுவே மனிதர்களிடம் சோதித்தது. எடை அதிகமுள்ள, இன்சுலின் எதிர்ப்பு உள்ள 32 பேர், மூன்று மாதம். உயிருள்ள பாக்டீரியாவைவிடச் சூடாக்கிக் கொன்ற பாக்டீரியா நன்றாக வேலை செய்தது! இன்சுலின் உணர்திறன் கூடியது, மொத்தக் கொலஸ்ட்ரால் எட்டு ஒன்பது சதவீதம் குறைந்தது. புரோபயாடிக் என்றால் 'போதுமான அளவில் கொடுத்தால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்' என்பதுதான் ஏற்கப்பட்ட வரையறை, ஆக இது கணக்குப்படி புரோபயாடிக்கே இல்லை. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு புரதம்தான் வேலையைச் செய்கிறது என்று நினைக்கிறார்கள். 32 பேர், அதுவும் மூன்று குழுக்களாகப் பிரித்தது, என்பதை மறக்க வேண்டாம். நல்ல தொடக்கம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கிப் பார்க்கிறேன் என்றால், டப்பாவில் இரண்டு விஷயம் பாருங்கள். பாக்டீரியாவின் பெயர் மட்டும் போதாது, ரகத்தின் எழுத்தோ எண்ணோ இருக்க வேண்டும். ஒரே இனத்தில் ஒரு ரகம் எல்டிஎல்லைக் குறைக்கும், பக்கத்து ரகம் ஒன்றும் செய்யாது. 'பதினைந்து வகை நல்ல பாக்டீரியா' என்று எழுதி ரகமே சொல்லாத டப்பாவை நான் வாங்க மாட்டேன். அடுத்து, காலாவதி தேதி வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், தயாரித்த அன்றைய எண்ணால் பயனில்லை. சோதனைகளில் பொதுவாக நாளுக்கு நூறு கோடியிலிருந்து ஆயிரம் கோடி வரை கொடுத்திருக்கிறார்கள். பழைய லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 2020-இல் இருபதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்துவிட்டதால் பெயர்கள் புதிதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம், பழைய ஆள்தான்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. கொலஸ்ட்ராலுக்கு என்று விற்கும் சில கலவைகளில் புரோபயாடிக்கோடு சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாறும் சேர்த்திருப்பார்கள். அதில் உள்ள மோனகோலின் கே என்பது வேறொன்றுமில்லை, லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினேதான். கொலஸ்ட்ரால் நன்றாகக் குறையும், பாக்டீரியாவுக்குப் பெயர் கிடைக்கும். ஸ்டாட்டினோடு சேர்த்து அதையும் எடுத்தால் தசை வலி முதலான பக்கவிளைவு கூடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் குடலில் நிலையாகக் குடியேறுவதும் இல்லை, பெரும்பாலும் சத்திரத்தில் தங்கிப் போகும் வழிப்போக்கர்கள்தான், நிறுத்தினால் சில வாரங்களில் காணாமல் போய்விடும். ஒல்லியானவரின் குடல் பாக்டீரியாவை முழுசாகப் பருமனானவரின் குடலுக்கு மாற்றி வைத்த ஆம்ஸ்டர்டாம் சோதனைகளிலேகூட ஆறாவது வாரத்தில் தெரிந்த இன்சுலின் முன்னேற்றம் பதினெட்டாவது வாரத்தில் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது இதைவிட நிச்சயமான வழி. அவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் செய்கின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முதன்மை உணவு. கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும். இசப்கோல் நாளுக்கு 7 முதல் 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் 5 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பெரும்பாலான புரோபயாடிக் தருவதற்கு இது சளைத்ததில்லை, விலையும் குறைவு, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

யார் தாமாக எடுக்கக் கூடாது? நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் வைத்திருப்பவர்கள், கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கடுமையான கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்த ஒரு டச்சு சோதனையில் (2008) இறப்பு 6 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக ஏறியது. டிரைகிளிசரைடு பல நூறுகளைத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன், உங்கள் 230 அதற்கு ரொம்பத் தூரம்.

சோதித்துப் பார்க்க நினைத்தால் ஸ்டாட்டினைத் தொடங்கி, அது நிலைத்த பிறகு செய்யுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது என்ன செய்தது என்று தெரியாது. ஸ்டாட்டின் ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பாருங்கள், அதன் பிறகு புரோபயாடிக்கைச் சேர்த்து, உணவையும் மற்ற மருந்தையும் மாற்றாமல், பன்னிரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். ஒன்றும் அசையவில்லை என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். மெட்ஃபார்மினோடு சேர்த்து எடுப்பதில் பிரச்சினை இல்லை. முதல் வாரம் வயிறு உப்புசமாக இருக்கலாம், மெட்ஃபார்மினும் அதையே செய்யும் என்பதால் மெட்ஃபார்மின் டோஸ் கூட்டும் வாரத்தில் மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள்.